வாக்கு விட்டுப்போன நோட்டீஸ்

எங்கள் வட்டத்தில் கட்சிக்கு மொத்தம் ஒன்பது பேர். அதில் இருவர் கணவன் மனைவி. வீட்டில் சண்டை வந்தால் ஒருவர்தான் கூட்டத்துக்கு வருவார், அன்றைக்கு எட்டு. போன தேர்தலில் மண்ணைக் கவ்விய கையோடு பெரிய தலைகளெல்லாம் ஜெயித்த பக்கம் தாவிவிட்டன. மிஞ்சியது ஒரு மாடி அறை, பதினாறு நாற்காலி, அப்புறம் தையல்காரியான நான். வேறு யாரும் கை தூக்காததால் நான்தான் கிளைச் செயலாளர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பொறுப்பாளர் வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"அடுத்த ஞாயிறு அம்பது பேர் நேர்ல வந்து உறுப்பினரா கையெழுத்துப் போடணும்மா. இல்லேன்னா கிளையைக் கலைச்சு பக்கத்து வட்டத்தோட சேத்துடுவோம்."

"கலைக்கிறதுக்கு இது என்ன சீட்டுக்கட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். பழைய பட்டியலில் முந்நூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் செத்துப்போனவர்கள், மீதிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது.

விஷயத்தைக் கேட்டு என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பஸ் டிரைவர். "ஒம்பது பேரை வச்சுக்கிட்டு ஆட்சியைப் பிடிக்கப் போறியா? என் பஸ்ல படிக்கட்டுல தொங்குறவங்களே பதினோரு பேர்!"

"நீங்க சேந்தா பத்து," என்றேன்.

"எனக்கு எதுக்கும்மா வம்பு," என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

வார்டு தேர்தலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அச்சகம் வைத்திருக்கும் என் கொழுந்தனிடம் நானூறு நோட்டீஸ் அடிக்கச் சொன்னேன். மூன்றே வரி. 'உங்கள் வீடு தேடி' என்று மேலே, 'வாக்கு' என்று கொட்டை எழுத்தில் நடுவே, 'கேட்க வருகிறோம்' என்று கீழே. சரிபார்க்க என்னிடம் கொடுத்தான். நான் என்ன பார்த்தேன் தெரியுமா? அடியில் 'கிளைச் செயலாளர்' என்பதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். அதை மட்டும்தான் பார்த்தேன். புதன்கிழமைக்குள் நானூறும் நானூறு வீட்டுக்குள் போய்விட்டன.

வியாழக்கிழமை முதல் வீடு சலவைக்கடைக்காரருடையது. நான் கை கூப்பி வாயைத் திறப்பதற்குள், "வாங்க வாங்க, உக்காருங்க," என்று நாற்காலியைப் போட்டார். "கேட்க வர்றீங்கன்னு போட்டிருந்துச்சு. இந்த வயசுக்கு இப்பத்தான் ஒரு கட்சிக்காரங்க கேட்க வர்றாங்க. சொல்லட்டுமா?"

அவர் கையில் இருந்த நோட்டீஸைப் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. நடு வரியைக் காணோம். 'உங்கள் வீடு தேடி கேட்க வருகிறோம்.' வாக்கு, காற்றோடு போயிருந்தது.

அப்படியே தெருவில் இறங்கி நின்று கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "பாவி! வாக்கு எங்கடா?"

"அண்ணி... ஓரக் கட்டத்துல இடிச்சுதுன்னு அதை மட்டும் நகத்தி வச்சேன். திரும்ப வைக்க..."

"மறந்துட்ட. உன் கல்யாணத்தை மறந்தியா? சாப்பாட்டை மறந்தியா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனிதர் இன்னும் ஆசையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இந்த வாய்க்கே வரவில்லை. பையில் இருந்த அளவு நோட்டை எடுத்தேன். ஜாக்கெட் அளவு எடுக்கும்போது கேட்பதையே கேட்டேன்: "சொல்லுங்க, எங்க பிடிக்குது?"

கடைக்குப் பின்னால் சாக்கடை அடைத்து ஐந்து மாதம் என்றார். எழுதிக்கொண்டேன். அடுத்த வீட்டு நர்ஸம்மா, அரசு மருந்தகத்தை நாலு மணிக்கு மூடுகிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் ஐந்துக்குத்தான் திரும்புகிறார்கள் என்றார். பள்ளிக்கூட முனையில் லாரி வருகிற வேகத்தைச் சொல்லி ஒரு தாய் அழுதேவிட்டாள். எந்த வீட்டிலும் நான் ஓட்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுக்க இடம் கொடுத்தால்தானே! கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடி அறைக்கு வந்து உறுப்பினராகக் கையெழுத்துப் போடுங்கள் என்றதோடு சரி.

வெள்ளிக்கிழமை நாங்கள் ஒன்பது பேரும் மண்வெட்டியோடு சாக்கடையில் இறங்கினோம். சண்டை போட்டுக்கொண்ட கணவனும் மனைவியும் ஒரே கூடையைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பதினேழு பேர் இருந்தோம். நாலு மணிக்கு மூடுவதற்குள் நோட்டைத் தூக்கிக்கொண்டு பதினேழு பேருமாக மருந்தகத்துக்குப் போய், நேரத்தை நீட்டச் சொன்னோம்.

சனிக்கிழமை காலை, வீட்டுக்காரர் காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே, "நோட்டீஸ் நம்ம வீட்டுக்கும்தான் வந்துச்சு. செயலாளரம்மா எப்ப வருவாங்க?" என்றார்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் உட்கார்ந்தார். நானும் நோட்டை எடுத்து எதிரே உட்கார்ந்தேன்.

"கடைசி ஸ்டாப்புல எங்களுக்கு ஒரு கழிப்பறை இல்லம்மா. பத்தொம்பது வருஷமா ட்யூட்டியில நான் வயிறார தண்ணி குடிச்சதில்ல."

தினமும் அவர் பையில் பாதித் தண்ணீரோடு திரும்பி வந்த பாட்டிலைக் கழுவி வைத்தது நான்தான். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. ஊரையெல்லாம் கேட்கப் போனவள்! எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதினேன். அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஞாயிறன்று பொறுப்பாளர் வந்தபோது அறையில் நாங்கள் ஒன்பது பேரும் பதினாறு நாற்காலியும்தான். கடிகாரத்தைப் பார்த்தார். நான் படிக்கட்டைப் பார்த்தேன். முதலில் சலவைக்கடைக்காரர் வந்தார், ஸ்டூலோடு. நர்ஸம்மா வந்தார். அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். அறை நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, வாசலில் ஆட்கள் நின்றார்கள். பொறுப்பாளருக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் உற்சாகம் பொங்கியது. மைக்கைப் பிடித்தார். கட்சி பிறந்த கதை, வளர்ந்த கதை, சிறை சென்ற கதை. ஜனங்கள் நெளிய ஆரம்பித்தார்கள். ஒருவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டே எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் பல்லைக் கடித்தேன்.

"ஐயா, ஒரு நிமிஷம்."

கதவோரம் காக்கிச் சட்டை. என் வீட்டுக்காரர்.

"கேட்க வர்றோம்னுதான் நோட்டீஸ்ல இருக்கு. நீங்களே பேசிக்கிட்டிருந்தா எப்பங்க கேப்பீங்க?"

எழுந்தவர் ஸ்டூலைத் திரும்பக் கீழே வைத்தார். பொறுப்பாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கை மேசைமேல் வைத்தார். நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்து, "சொல்லுங்க," என்றார்.

இரண்டு மணி நேரம் கேட்டார். கையெழுத்து எழுபத்துமூன்றைத் தொட்டபோது, கொழுந்தன் மூச்சு வாங்கப் படியேறி வந்தான், தலையில் ஒரு நோட்டீஸ் கட்டு.

"அண்ணி! ராவும் பகலுமா உக்காந்து திருத்திட்டேன். வாக்கு போட்டு புதுசா நானூறு!"

"அதை வச்சு மெஷினைத் துடைடா," என்றார் அவன் அண்ணன். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, எழுபத்துநாலாவது வரியில் கையெழுத்துப் போட்டார்.