ஆனால் சாரும் என் களிமண்ணும்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு ‘ஆனால் சார்’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் “ஆனா...” என்று இழுப்பார்.

சிறுகோளில் பட்டுத் திரும்பும் வெயிலைப் பிரித்துப் பார்த்தால் அது எதனால் ஆனது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதுதான் என் பிழைப்பு. ஒரு குட்டிச் சிறுகோளில் களிமண் இருக்கிறது, அதற்குள் தண்ணீர் இருக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே சொல்லிவந்தேன். “ஆனா, அது வெளிச்சம் வர்ற வழியில நம்ம காத்துல இருக்கற ஈரமா இருந்தா?” என்று அவரும் அன்றிலிருந்தே கேட்டுவந்தார். அவர் வாயை அடைக்கவே திரும்பத் திரும்ப அளந்தேன்.

கடைசியில் ஒரு விண்கலம் போய் அந்தக் கல்லில் ஒரு சிட்டிகை அள்ளி, சிமிழில் அடைத்துக்கொண்டு வந்தது. அதைத் திறக்கும் பொறுப்பு யாருக்கு? சாட்சாத் ஆனால் சாருக்கு!

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் சிமிழ். பெட்டியோடு பொருத்திய நீளக் கையுறைக்குள் கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். திறக்கும் நாளன்று பெட்டியின் அழுத்தமானியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“ஆனா, எங்கயோ கசியுது. இன்னிக்குத் திறக்க வேண்டாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் ரிட்டயர் ஆகறவரைக்கும் இழுத்தடிக்கணும், அதானே சார்?”

அவர் பெட்டியிலிருந்து கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

வீட்டில் புலம்பினேன். “கல்லு எங்க ஓடிடப்போகுது?” என்றார் கணவர்.

“கல்லு ஓடாது. என்னைத்தான் மாலை போட்டு அனுப்பிடுவாங்க.”

அப்படியே அனுப்பினார்கள். விடைபெறப் போனபோது கையுறையை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். விரலிடுக்கில் ஊசிமுனை அளவு ஓட்டை.

“அன்னிக்குத் திறந்திருந்தா கல்லு நம்ம காத்தைக் குடிச்சிருக்கும் மேடம். அப்புறம் எது உங்க தண்ணி, எது நம்ம தண்ணின்னு யாராலயும் சொல்ல முடியாது.”

நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. என் தண்ணீரை நம்பாத மனுஷன்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்குள் மற்றவர்கள் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கையுறை மாற்றி, ஒருவழியாகத் திறந்தார்கள். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஆனால் சாரிடமிருந்து போன் வந்தது.

“களிமண்தான் மேடம். உள்ள தண்ணி இருக்கு. நம்ம காத்துத் தண்ணி இல்ல.”

வெங்காயத்தின் புண்ணியத்தில் தாராளமாக அழுதேன். “நீங்க இல்லைன்னா இது இல்ல சார். ரொம்ப நன்றி” என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.



“ஆனா...” என்றார். “நான் சொல்றதை வச்சு நம்பிடாதீங்க. நேர்ல வந்து பாருங்க. நீங்க வர்றவரைக்கும் சிமிழை மூட மாட்டேன்.”