நாற்பது சொட்டு

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து டிரெசர் ஏரம்பமூர்த்தி, கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. காய்ச்சல்காரனைத் தூக்கிக்கொண்டு நாம்தான் அவருடைய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்பேர்ப்பட்டவர் அன்று காலை ஒன்பது மணிக்கு, கோட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, வெள்ளைக் காற்சட்டையில் சேறு தெறிக்க ஆறாம் லயத்து வாசலில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததுமே பேச்சியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உன்ர மனுசன் எங்க?"

"உள்ள கெடக்குறாரு. உசுரு இருக்கா போச்சான்னு பார்த்துட்டுப் போக வந்தீங்களா, டிரெசர் ஐயா?"

"சத்தம் போடாத. ஆளைப் பின்பக்கமாக் கூட்டிக்கொண்டு வா. மருந்து கொண்டு வந்திருக்கிறன்." அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான். நாளைக்குக் கேட்டால் ஏலாது."

இன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டுமாம்!

உள்ளே கிடந்தவன் அவள் புருஷன் காளியப்பன். நான்கு நாளாகப் பாயில் சுருண்டு கிடந்தான். வேர்த்து ஊற்றியது, அடுத்த நிமிஷம் கோழித்தோல் மாதிரி உடம்பு சிலிர்த்தது. குடித்த கஞ்சி தங்கவில்லை. கால் இரண்டும் தாமாகவே உதைத்துக்கொண்டன. ஜெர்மன் சண்டையின்போது மெசபட்டோமியா வரைக்கும் போய், ஆற்றுக்குப் பாலம் கட்டிய மதராஸ் பட்டாளத்துக்காரன் அவன். பாலத்து உத்தரம் சரிந்து இடுப்பில் விழுந்தபோதுகூட இப்படிக் கிடந்திருக்க மாட்டான்.

பட்டாளம் அவனுக்கு இரண்டு மெடலைக் கொடுத்து, உடைந்த இடுப்போடு ஊருக்கு அனுப்பியது. ஊரில் பேச்சியம்மாள் வேறு தெருக்காரி. இருவரும் சேர்ந்து ஓடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். அவளுடைய அண்ணன்மார் இன்னமும் அரிவாளைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பதாகக் கேள்வி. ஆகவே திரும்பிப் போக ஊர் கிடையாது. மலாயாவில் லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்த இந்த ரப்பர்த் தோட்டம், இந்தக் கித்தாக் காடு ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம்.

பால் வெட்டுக்காரன் ஒரு நாளில் முந்நூறு தடவை குனிந்து நிமிர வேண்டும். காளியப்பனுக்குப் பத்தாவது மரத்திலேயே இடுப்பு பூட்டிக்கொள்ளும். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை வந்து பார்த்தார். பட்டாளத்தான் என்றால் தொரைக்குத் தனிப் பிரியம். "இவனை நிமிர்த்தி நிறுத்து" என்று டிரெசருக்கு உத்தரவு போட்டார். டிரெசர் நிமிர்த்திவிட்டார். அதற்கு வேண்டியிருந்தது அபினிச் சாற்றில் செய்த கறுப்பு மருந்து, ஐந்தே சொட்டு.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு என்றால் ஆள் கணக்கெடுப்பு மட்டுமல்ல. வரிசையாக எல்லோரும் வாயைத் திறக்க வேண்டும். டிரெசர் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாத் தண்ணியை ஊற்றுவார். கண்ணாடிக் குவளை எவன் உதட்டிலும் பட்டுவிடாதபடி ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றுவார். அவருடைய ஆசாரம் அப்படி. கொயினா முடிந்ததும் காளியப்பன் முறை. எல்லோரும் பார்த்திருக்க அவன் ஒருவனுக்கு மட்டும் கறுப்புச் சொட்டு. தோட்டமே அதற்குப் 'பட்டாளத்து மருந்து' என்று பெயர் வைத்தது. தொரை தன் வீரனுக்குக் கொடுக்கும் மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மற்றவர்களை ஏன் சொல்ல வேண்டும், பேச்சியம்மாளே தலை நிமிர்ந்து நடந்தாள். ஐந்து சொட்டு போதாமல் அவன் முனகத் தொடங்கிய வருஷம், "இன்னும் ரெண்டு சேர்த்து ஊத்துங்க ஐயா" என்று டிரெசரிடம் போய்க் கெஞ்சியவளும் அவள்தான். அதை நினைத்தால் இப்போது தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

எட்டு வருஷத்தில் ஐந்து நாற்பதாயிற்று. காளியப்பன் முந்நூற்றைம்பது மரம் வெட்டினான். தொரைக்குப் பரம சந்தோஷம்.

போன வாரம் ஜொகூர் பாருவிலிருந்து புது வெள்ளைக்கார டாக்டர் வந்தார். புட்டியைத் தூக்கிப் பார்த்து, இது யாருக்கு, எவ்வளவு என்று கேட்டார். நாற்பது என்றால் வேலை போய்விடும் என்று டிரெசருக்குப் பயம். "ஐந்து சொட்டு" என்றார். ஐந்துதானே, நிறுத்திவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டாள். "ஏத்திவிட்டது நீங்க. ஏறின படியிலயே ஒவ்வொண்ணா எறக்கி விடுங்கய்யா. மேல நிக்கிற ஆளை அப்படியே தள்ளிவிட்டா எப்படி?" டிரெசர் சன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனால் குறைச்சுக் குடுக்கிறதெண்டால் நாப்பதெண்டு டொக்டரிட்ட சொல்ல வேணும்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு மனிதன் பாயில் கிடந்து துடிக்க வேண்டியிருந்தது.

ரப்பர் விலை சரிந்து, ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மூன்று நாள் பெரட்டுக்கு வராதவன் பெயர் கப்பல் பட்டியலுக்குப் போய்விடும். நேற்றுக் கங்காணி ஐயாசாமி வாசலில் நின்று, "அபினிக்காரனுக்கு இந்தத் தோட்டத்துல எடமில்லன்னு தொரை சொல்லிட்டாரு" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போனான். கள்ளுக்கடையைத் தோட்டமே நடத்துகிறது. ஸ்டேஷனுக்குப் பின்னால் அபினி புகைக்கிற சண்டுக்கடைக்கு அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. அபினிக்காரன் பட்டம் மட்டும் காளியப்பனுக்கு!

சரி, நாளைக்கே விரட்டப்போகிறவனுக்கு இன்றைக்கு என்ன மருந்து? அன்று நவம்பர் பதினொன்று, சண்டை முடிந்த நாள். இந்த வருஷக் கொண்டாட்டம் இந்தத் தோட்டத்துத் திடலில். சுற்றுவட்டாரத் தொரைமார் எல்லோரும் வருகிறார்கள், புது டாக்டரும் வருகிறார். மெடல் குத்திய கறுப்புச் சிப்பாய் ஒருவன் கொடிக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கரிசனம்.

"எங்க, புட்டியைக் காட்டுங்க" என்று பேச்சியம்மாள் கையை நீட்டினாள். டிரெசர் காட்டத்தான் செய்தார். வெடுக்கென்று பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

டிரெசர் பதறிப்போய்க் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. ஒரு கூலிக்காரியைத் தொட்டு, அவள் இடுப்பு மடியிலிருந்து பிடுங்க வேண்டும். எட்டு வருஷமாக ஒரு முழம் உயரத்திலிருந்து மருந்து ஊற்றிய கைக்கு அது முடியுமா? பக்கத்து வாசல்களில் பெண்கள் வேறு வந்து நின்றுவிட்டார்கள்.

"தா பிள்ளை! விசர் வேலை பார்க்காத!"

"தரேன். திடல்ல வந்து வாங்கிக்குங்க. எட்டு வருசமா ஊர் பார்க்க ஊத்துன மருந்துதான? இன்னிக்கு மட்டும் என்ன பின்பக்கம்?"

டிரெசர் போய்விட்டார். அதற்கப்புறம்தான் பெரும்பாடு. சத்தம் கேட்டுக் காளியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"குடு பேச்சி."

"திடலுக்கு வாங்க, தரேன்."

"உன் காலைப் பிடிக்கிறேன் புள்ள. ஒரு மடக்கு."

அவனுடைய கை அவள் மடிக்கு வந்தது. அதைத் தட்டிவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கொடுத்துவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "இப்பக் குடிச்சா அவங்களுக்கு முன்னால ஜம்முனு நிப்பீங்க. நாளைக்கு? பெனாங் கப்பல்ல கெடந்து சாவீங்களா? இல்ல, எங்கண்ணன் வெட்டிச் சாவீங்களா? கோட்டைப் போடுங்க!"

காக்கிக் கோட்டில் மெடலை அவளே குத்திவிட்டாள். ஒரு மைல் நடை. இரண்டு இடத்தில் உட்கார்ந்தான், ஓரிடத்தில் வாந்தியெடுத்தான். அவளைக் கேட்கக்கூடாத வார்த்தையால் திட்டினான். அவள் முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். இவன் விழுந்து செத்துவிட்டால் கொன்றது நான்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

திடலில் தொரைமார் நாற்காலியில், ஆட்கள் வெயிலில். காளியப்பனைக் கண்டதும் கங்காணி இழுத்துக்கொண்டு போய்க் கொடிமரத்துக்கடியில் நிறுத்தினான். நின்றான் என்றா சொல்வது, ஆடினான். தொரை முகம் சுளித்து டிரெசரைப் பார்த்தார். டிரெசர் பூமியைப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். பேச்சியம்மாள் பெண்கள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். நேராகப் போய் டிரெசருக்கு முன்னால் புட்டியை நீட்டினாள்.

"ஊத்துங்கய்யா. பெரட்டுல ஊத்துற மாதிரியே ஊத்துங்க. நாப்பது சொட்டு."

"ஏய், போ வரிசைக்கு!" என்று கங்காணி பாய்ந்து வந்தான். டாக்டர் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, டிரெசரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டிரெசர் வாயைத் திறந்தார். இந்த ஆள் வாயில் நாற்பது மறுபடியும் ஐந்தாகிவிடும் என்று பேச்சியம்மாளுக்குச் சுருக்கென்றது. டாக்டருக்கு மலாய் தெரியும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அவளுக்கும் கீரை விற்க வரும், கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரியோடு பேசிப் பழகிய மலாய் இருந்தது. டிரெசரை முந்திக்கொண்டு, நான்கு விரலை நீட்டிக் கத்தினாள்.

"ஊபாட், துவான்! அம்பாட் பூலோ! ஹாரி-ஹாரி! லாபான் தாவோன்!"

மருந்து, நாற்பது, தினம் தினம், எட்டு வருஷம். இலக்கணம் எப்படியோ போகட்டும், கணக்குப் புரிந்துவிட்டது. டாக்டரின் முகம் மாறியது. எழுந்து வந்து காளியப்பனின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார். "யார் கொடுத்தது?" என்று மலாயிலேயே கேட்டார். டிரெசர் தொரையைப் பார்த்தார். தொரை கொடியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தபடியே, அது ஆஸ்பத்திரி விஷயம், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

நிமிர்த்தி நிறுத்தச் சொன்ன வாய் அது! பேச்சியம்மாளுக்கு அந்தக் கொடிமரத்தைப் பிடுங்கி அடிக்கலாம் போலிருந்தது. டிரெசர் மேலிருந்த ஆத்திரத்தில் பாதி அந்த நிமிஷமே தொரை மேல் போய் உட்கார்ந்தது. ஆனால் அவரை என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் முடியவில்லை என்பதுதான் உண்மை.

டாக்டர் சொன்னார்: இன்றைக்கு முப்பது. இனி வாரத்துக்கு இரண்டு சொட்டுக் குறைய வேண்டும். ஒவ்வொரு நாளும் இந்தப் பெண்ணின் முன்னால் எண்ணி ஊற்ற வேண்டும். முடியும் வரை இவன் நோயாளி, பெயர் எந்தப் பட்டியலுக்கும் போகக்கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தொரை கையில் கொடுத்தார்.

டிரெசர் ஒரு குவளைக்குள் எண்ணி ஊற்றத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது சொட்டில் மணி அடித்தது. தொரைமார் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றார்கள். செத்த சிப்பாய்களுக்காக இரண்டு நிமிஷம் யாரும் மூச்சுவிடக் கூடாது. டிரெசர் நிறுத்தினார். "எண்ணுங்கய்யா, செத்தவங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றாள் பேச்சியம்மாள். டாக்டரும் தலையை அசைத்தார். அந்த இரண்டு நிமிஷமும் திடலில் கேட்டது டிரெசரின் குரல் ஒன்றுதான். முப்பது வந்ததும் காளியப்பன் வாயைத் திறந்தான்.

மத்தியானம் லயத்துக்குத் திரும்பினார்கள். ஆட்டம் அடங்கியிருந்தது. அவன் கோட்டைக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவள் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை.

"அத்தனை பேர் முன்னால என்னை நாயாட்டம் வாயைத் தொறக்க வெச்சிட்டியே" என்றான். "மானம் போச்சு."

"போனாப் போவட்டும்!" என்று அவள் சீறினாள். "மெடலாம், மானமாம்! வலிக்குதுன்னு ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்களா? ஊத்த ஊத்தக் குடிச்சீங்க. நானும் மடச்சி, ஊத்தச் சொன்னேன்."

அவன் கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "வலிக்குது பேச்சி" என்றான்.

"எங்க?" என்றாள் அவள், கோபம் தணியாமலே.

கேட்ட பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. இடுப்பு என்று தோட்டத்துக்கே தெரியும். இடுப்பில் எங்கே என்று டிரெசர் கேட்டதில்லை, தொரை கேட்டதில்லை. அவளும் இந்த எட்டு வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

காளியப்பன் கையைப் பின்னால் கொண்டுபோய் இடத்தைக் காட்டினான்.