ஒப்படைத்த சாமான்கள்

வேலைக்குப் பேர் எடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்து அரைமணி நேரமாகியும் வேலாயி கொழுந்துக் கூடையைத் தொடவில்லை. அடுப்புக்கு முன்னால் குந்தி, ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். மகன் அழகன், லயத்தில் அவர்களுக்கென்றிருந்த ஒற்றை அறைக் காம்பிராவின் வாசலில், வெளியே போவதா உள்ளே வருவதா என்று தீர்மானிக்க முடியாதவனாக நின்றான்.

"போயிப் பாரும்மா. இன்னைக்கிப் பேர் போட்டாலும் போடுவாங்க."

"இருவது நாளா போயிப் பாத்தாச்சு. எல்லாப் பேரையும் கூப்புட்டுட்டு, என் மூஞ்சிக்கிட்ட வரும்போது மட்டும் கணக்கப்புள்ளைக்கு இருமல் வந்துருது."

"நானாம்மா போறேன்னு சொன்னேன்? பாறைக்காட்டுக்காரங்கதானே கூப்புட்டாங்க?"

"கூப்புட்டாங்க. நீ பல்ல இளிச்ச."

அழகனுக்கு இருபது வயது. ஊசிமலைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்பு, தோட்டத்து உத்தியோகத்தர் கழகத்தின் கிரிக்கெட் பந்து ஒன்று தேயிலைக்குள் விழ, அதை எடுத்து அவன் எறிந்த எறியில் அறுபது கஜத்துக்கு அப்பாலிருந்த விக்கெட் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கழகத்தின் பதினொருவரில் ஓடக்கூடியவர்கள் இரண்டு பேர், குனியக்கூடியவர் ஒருவருமில்லை. ஆகவே ஒருவரைக் கழற்றிவிட்டு அழகனைச் சேர்த்துக்கொண்டார்கள். கழகம் அதன் பிறகு ஜெயிக்கத் தொடங்கியது.

சேர்த்துக்கொண்டார்கள் என்றால் மைதானத்தில். அழகன் கீழ் லயத்துக்காரன். அந்த லயத்துச் சாதிக்குக் கழகத்தின் படியில் கால் வைக்கும் வழக்கமில்லை. வெள்ளைக் காற்சட்டை ஒன்று அவனுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது; ஆட்டம் முடிந்ததும் அவன் தாய் துவைத்து, கழகத்து ஜன்னலுக்கு வெளியே உள்ள ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆணிக்குக் கீழே, சுவர்த் திட்டில், டின்பால் தீர்ந்த தகரப் பேணி ஒன்று. தேநீர் வேளையில் மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அழகன் பேணியை எடுத்துக்கொண்டு புல் உருளைக்குப் பின்னால் போய் நிற்பான். சமையல்காரன் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவான். பேணியை அழகனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. தவறிப்போய் யாரும் தொட்டுவிடக்கூடாதென்று அதன் அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்திருந்தார்கள். அதன் விளிம்பு ஒரு முறை அவன் உதட்டை அறுத்திருக்கிறது. அன்றைக்கும் ஐந்து விக்கெட்.

பாறைக்காட்டிலிருந்து அழைப்பு வந்தது கடைவீதியில், மீராசாஹிப்பின் தேத்தண்ணிக் கடையில் வைத்து. அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகன் கணேசமூர்த்தி கண்டியில் படித்துவிட்டு வந்திருந்தான். வந்ததும் பாறைக்காட்டுக் கழகத்தின் பெயரை 'சமத்துவ விளையாட்டுக் கழகம்' என்று மாற்றிப் பலகை மாட்டினான். பொங்கலுக்கும் மே தினத்துக்கும் பேசுவான். பேச்சில் 'மானிடம்' என்ற சொல் வரும்போது கண்ணை மூடிக்கொள்வான்.

"பேணியெல்லாம் எங்ககிட்டக் கெடையாது அழகா. மேசையில ஒக்காந்து கோப்பையில குடி. இது என் வாக்கு."

கல்லாவிலிருந்த மீராசாஹிப் தலையை நிமிர்த்தினார். "கோப்பையில இப்பவும் குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கான் தம்பி. என் கடையில எல்லாருக்கும் ஒரே கோப்பைதான். என்ன, ஓட்டக் கோப்ப."

அழகன் சிரிக்கவில்லை. மேசை என்ற சொல் அவன் காதில் விழுந்துவிட்டது.

செய்தி ஊசிமலைக்கு எட்டியதும் பெரிய கிளாக்கர் கந்தப்பிள்ளை அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், கழகத்தின் தலைவர், தாம் ஆடிய காலத்தில் எடுத்த முப்பத்தொரு ஓட்டத்தை முப்பது வருஷமாகச் சொல்லி வருபவர்.

"இஞ்ச பார் அழகன். உனக்கு இஞ்ச என்ன குறை வைச்சனாங்கள்? காற்சட்டை தந்தனாங்கள். பந்து தந்தனாங்கள். தேத்தண்ணியும் தாறம்."

"பேணியிலதானுங்க தர்றீங்க."

"பேணியில குடிச்சால் பந்து வேகமாப் போகாதோ?"

"போகுதுங்க. அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

கந்தப்பிள்ளைக்கு இந்தப் பதிலில் மரியாதை எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. ஆகவே பத்துச்சீட்டு இல்லையென்று சொன்னார். ஒரு தோட்டத்திலிருந்து விலகியதற்கு அத்தாட்சி பத்துச்சீட்டு. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அதோடு நில்லாமல், தாயையும் மகனையும் வேலைக்குப் பேர் போட வேண்டாமென்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கு ஒரு வார்த்தையும் போயிற்று. இலங்கை அரசு அழகனைத் தன் பிரஜை இல்லையென்று சொல்லிப் பதின்மூன்று வருஷம். இந்தியா அவனைக் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு நாடுகளுக்கும் வேண்டாதவனுக்காக இரண்டு கழகங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

தாய்க்கும் மகனுக்கும் இருபத்தாறு நாள் அடுப்பு அரைகுறையாக எரிந்தது. கடைசியில் விவகாரத்தைத் தீர்த்தவர்கள் துரைமார். ஹட்டனில் தங்கள் கிளப்பில் விஸ்கியோடு உட்கார்ந்திருந்த ஊசிமலைத் துரை, பாறைக்காட்டுத் துரையின் சமையல்காரன் செய்யும் புடிங்கைப் புகழ, பாறைக்காட்டுத் துரை இவருடைய பந்து வீச்சாளனைப் புகழ்ந்தார். மறுநாள் மாற்றிக்கொண்டார்கள். சமையல்காரனையும் யாரும் கேட்கவில்லை.

பத்துச்சீட்டு குடும்பத்துக்கே எழுதப்பட்டது. காம்பிரா குடும்பத்துக்கு, மகன் போனால் தாயும் போக வேண்டும். கணவனைக் கொண்டுபோய்ப் புதைத்த மேடு ஜன்னலில் தெரியும் வீட்டை விட்டுக் கிளம்புமுன் வேலாயி மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மேசையிலதானே குடுப்பாங்க?"

"வாக்குக் குடுத்துருக்காங்கம்மா."

"அப்ப சரி. அதுக்காகப் போகலாம்."

கிளம்பும் சமயத்தில் கந்தப்பிள்ளை கோணிப் பொட்டலம் ஒன்றை ஒப்படைத்தார். வாயைச் சணலால் தைத்து, மேலே அரக்கு முத்திரை. "அங்க இருக்கிற கழகத்திட்டக் குடு. நீ பிரிக்கக் கூடாது. இதோட எங்கட சாமான் எல்லாம் ஒப்படைச்சாச்சு."

ஆறு மைல் அழகன் அதைத் தலையில் வைத்து நடந்தான். நடக்க நடக்க உள்ளே ஏதோ லொடலொடத்தது.

"என்னடா அது?" என்றாள் வேலாயி.

"காச்சட்டயா இருக்கும். அதோட போன வருசம் ஜெயிச்ச பரிசு சாமான்ல ஒண்ணையும் வச்சுருப்பாரு போல. என்ன இருந்தாலும் மூணு வருசம் ஆடுனவன்ல."

"மனுசனுக்குள்ளயும் கொஞ்சம் ஈரம் இருக்கும்" என்றாள் அவள்.

பாறைக்காட்டிலும் அவர்களுக்குக் கீழ் லயத்தில்தான் காம்பிரா கிடைத்தது, கடைசிக் காம்பிரா. வேலாயி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டது மேசை ஒன்றுதான். பொட்டலத்தை அழகன் பிரிக்காமலே கழகத்தில் ஒப்படைத்தான்.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கழகங்களுக்கும் ஆட்டம். மைதானம் பாறைக்காட்டுத் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால். துரைமார் இருவரும் குடையின் கீழ். நடுவர்களில் ஒருவர் மீராசாஹிப். இரண்டு தோட்டத்துக்கும் கடன் கொடுக்கிறவர் என்பதால் அவர் நேர்மையை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. பாறைக்காடு தொண்ணூற்று நான்கு ஓட்டம் எடுத்தது. தேநீருக்கு நிறுத்தியபோது ஊசிமலை ஏழு விக்கெட்டுக்கு அறுபத்தொன்று. ஏழில் ஆறு அழகனுடையவை. பழைய முதலாளிமார் ஒவ்வொருவராக வந்து, அவன் பந்தைப் பார்த்து, போனார்கள்.

கூடாரத்தின் கீழ் வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. அழகன் பீலித் தண்ணீரில் முகம் கழுவி, சட்டையைக் காற்சட்டைக்குள் சொருகி, தலையைக் கையால் வாரிக்கொண்டு வந்தான். பந்து அவன் பையிலேயே இருந்தது. மேசைக்குப் பத்தடி இருக்கும்போது கழகத்துச் சமையல்காரர் பழனியாண்டி கேத்தலோடு குறுக்கே வந்தார்.

"அழகா, ஒன் சாமான் அங்கன, ரோலர் மேல கோணியோட இருக்கு. எடுத்துக்கிட்டு வாப்பா, ஊத்துறேன்."

அழகன் திரும்பிப் பார்த்தான். உருளையின் மேல், வாய் பிரித்த கோணிக்குள் பேணி. போய் எடுத்தான். உதட்டை அறுத்த அதே விளிம்பு. கவிழ்த்துப் பார்த்தான். அடியில் பெருக்கல் குறி. ஆறு மைல் தலையில் லொடலொடத்தது எதுவென்று இப்போது தெரிந்தது. ஆட்டக்காரனை விடுவதா வேண்டாமா என்பதில் இருபத்தாறு நாள் குடுமிப்பிடியாக நின்ற இரண்டு கழகங்களும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லாமல் நடந்துகொண்டிருந்தன.

பழனியாண்டி ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார். அழகன் பேணியோடு கணேசமூர்த்தியிடம் போனான்.

"மேசையின்னு சொன்னீங்களேங்க."

கணேசமூர்த்தி அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான். தொடாமல் தள்ள முடியாததால் கையைக் காற்றில் வீசினான். "எனக்கு ஒண்ணுமே இல்ல அழகா. என் கொள்க ஒனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கி ஊசிமலை ஆளுங்க விருந்தாளியா வந்திருக்காங்க. அவங்க என்ன நெனைப்பாங்க?"

மேசையிலிருந்து கந்தப்பிள்ளை காதை நீட்டினார். "எங்களுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. உங்கட லயத்து ஆக்கள் என்ன சொல்லுவினமோ எண்டுதான் பேணியையும் சேர்த்து அனுப்பினனான்."

"இன்னைக்கி மட்டும். முப்பத்துமூணு ஓட்டத்துக்குள்ள மூணு விக்கெட் எடுத்துரு. அடுத்த பொதுக்கூட்டத்துல தீர்மானமே கொண்டு வர்றேன்" என்றான் கணேசமூர்த்தி. மானிடம் என்ற சொல் வரவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டான்.

அழகன் தேநீரைப் புல்லில் ஊற்றினான். கூடாரத்துக்குள் நுழைந்து, வெற்றுப் பேணியை மேசையின் நடுவில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். பையிலிருந்து பந்தை எடுத்துப் பேணியின் வாயில் வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினான். அளவெடுத்துச் செய்தது போல் பந்து பாதிக்கு மேல் இறங்கி இறுகிக்கொண்டது.

"காச்சட்டைய எங்கம்மா தொவச்சுக் குடுத்துருவாங்க" என்றான். போய்விட்டான்.

மேசையிலிருந்தவர்கள் நாற்காலிகளோடு பின்னால் நகர்ந்தார்கள். கோப்பைகள் ஆறின. எல்லாரும் பேணியைப் பார்க்காதது போல் பார்த்தார்கள். இருந்தது அந்த ஒரு பந்து.

ஐந்து நிமிடம் கழித்துப் பாறைக்காட்டுத் துரை குடையின் கீழிருந்து ஏன் ஆட்டம் தொடங்கவில்லை என்று கேட்டனுப்பினார். கணேசமூர்த்தி பழனியாண்டியைப் பார்த்தான்.

"நான் சமைக்கிறவனுங்க. நாளைக்கி நீங்களே என் கையால சாப்பிட மாட்டீங்க" என்றார் பழனியாண்டி.

கணேசமூர்த்தி தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் ஊசிமலையாரைப் பார்த்தார்கள். ஊசிமலையார் வானத்தைப் பார்த்தார்கள். ஒருவர் விக்கெட் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து தள்ளிப் பார்த்தார். பேணி பந்தோடு உருண்டு, கந்தப்பிள்ளையின் மடிப்பக்கம் மேசை விளிம்பில் வந்து நின்றது. முப்பது வருஷத்துக்குப் பிறகு அவர் அன்று ஓடினார்.

"மீராசாஹிப், ஒங்களுக்குத்தான் இதெல்லாம் இல்லையே. கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றான் கணேசமூர்த்தி.

மீராசாஹிப் கோப்பையை நிதானமாகக் காலி செய்தார். "எனக்கு ஒரு தீட்டும் இல்ல தம்பி. ஆனா நான் நடுவரு. பந்தக் கொண்டாந்து தர வேண்டியது ஒங்க ஆளுங்க. தாங்க, ஆட்டத்த ஆரம்பிக்கிறேன்."

அன்றைய ஆட்டம் மழையால் நின்றதென்று இரண்டு கழகங்களின் புத்தகங்களிலும் எழுதப்பட்டது. பாறைக்காட்டில் அன்று அடித்த வெயிலில் ஞாயிறென்றும் பாராமல் கைக்காசுக்குக் கிள்ளப் போன பெண்களின் கூடைக்குள்ளேயே கொழுந்து வாடியது.

கடைசிக் காம்பிராவின் வாசலில் வேலாயி காத்திருந்தாள். மகன் ஆட்டம் முடியுமுன்னே வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இன்னொரு பத்துச்சீட்டு வரும் என்பது அவன் நடையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டாள்.

"மேசையில குடுத்தாங்களாடா?"

அழகன் உள்ளே போய்க் காற்சட்டையைக் கழற்றி, மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"நம்ம பேணி இப்ப மேசையிலதாம்மா இருக்கு. எடுக்கத்தான் ஆளில்ல."