வள்ளத்துக்கு ஒரு நல்ல பணி

என் வீட்டுக்காரர் தளவாய் கைவேலையில் கெட்டிக்காரர். இதை நான் சொல்லவில்லை, கரமனைப் பக்கம் வண்டி நிறுத்தும் லாரிக்காரர்கள் சொல்வார்கள். நசுங்கின கதவை நிமிர்த்த வேண்டுமா, ஒழுகும் டீசல் டேங்கை அடைக்க வேண்டுமா, கூப்பிடு தளவாய் அண்ணனை என்பார்கள். நானும் அதைப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள்தான். வேலை தெரியாத ஒருவன் எனக்கு இதைச் செய்திருந்தால் போகட்டும் கழுதை என்று விட்டிருப்பேன். இவர் தெரிந்தவர். அதுதான் வயிறு எரிகிறது.

எனக்கு வெள்ளாயணிக் காயலில் தாமரை பறிக்கிற வேலை. காயல் கரையில், புஞ்சக்கரியில்தான் வீடு. பறிக்கப் போகிற படகு, இங்கே வள்ளம் என்பார்கள், சஜியுடையது. சஜி என் வீட்டுக்காரருக்குக் கூட்டுக்காரன், இந்த ஊர்ப் பேச்சில் சிநேகிதன். நாங்கள் திருநெல்வேலியை விட்டு இந்த மலையாளத்து ஊருக்கு வந்த புதிதில் வீடு பிடித்துக் கொடுத்தவன். அதற்காக அவன் செய்வதெல்லாம் நியாயமாகிவிடுமா? குனிந்து குனிந்து இடுப்பொடியப் பறிப்பது நான். கரைக்கு வந்ததும் நல்ல மொட்டுகளையெல்லாம் வள்ளத்துக்கான பங்கு என்று அவன் எடுத்துக்கொள்வான். இதழ் கிழிந்தது, வண்டு கடித்தது எனக்கு. ஏதாவது கேட்டால், சேச்சிக்கு வள்ளம் இல்லையல்லோ என்று பல்லைக் காட்டுவான்.

அதனால் எனக்கென்று ஒரு படகு வேண்டும் என்று வெறி பிடித்து அலைந்தேன். மூடிக் கிடந்த ஒரு படகுத்துறையில் பழைய அலுமினியப் படகு ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார்கள். சல்லடை மாதிரி ஒழுகும், எடுத்தால் எடுத்துக்கொள் என்றார்கள். எடுத்துக்கொண்டேன். அடைத்துத் தர வீட்டிலேயே ஆள் இருக்கும்போது எனக்கென்ன பயம்?

ஸ்ரீவராகத்தில் வாலாம்பாள் மாமி கோயில்களுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவர். சஜியிடம் பூ வாங்கிக்கொண்டிருந்தவர்தான். அவரிடம் போய் நவராத்திரித் தாமரை முழுக்க நானே தருகிறேன் என்று கேட்டேன். மாமி கறார். சொந்த வள்ளம் இருந்தால் வா, முதல் நாளே பூ வராமல் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன் என்றால் அதோடு சரி, பழையபடி சஜிதான் என்று சொல்லிவிட்டார். அந்த முதல் நாளுக்குள் படகு ஒழுகாமல் மிதக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மிதந்தால் நான் என் பூவுக்குச் சொந்தக்காரி, இல்லையென்றால் சாகும்வரை சஜிக்குக் கூலிக்காரி.

படகை வேலை பார்த்த நாட்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்க அவர்தான் வழி சொன்னார். படகைத் தண்ணீரில் விட்டுத் தேடக் கூடாது, கல்மேல் தூக்கி வைத்து உள்ளே தண்ணீரை நிரப்ப வேண்டும், வெளியே எங்கெங்கே சொட்டுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். நான் குடம் குடமாக ஊற்றினேன். அவர் அடியில் மல்லாந்து படுத்து வட்டம் போட்டார். சொட்டெல்லாம் அவர் மூஞ்சியில் விழ, நான் வேண்டுமென்றே இன்னொரு குடத்தை வேகமாக ஊற்றினேன். ஏட்டி, கொன்னுருவேன் என்று சிரித்தார்.

பிறகு பழைய பெயின்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தகடு பளபளவென்று வரும்வரை சுரண்டினோம். ஆடிக்கொண்டிருந்த ரிவெட் ஆணிகளுக்கு உள்ளிருந்து நான் இரும்புக் கட்டையை அண்டக் கொடுக்க, வெளியிலிருந்து அவர் சுத்தியலால் தட்டி இறுக்கினார். சந்தெல்லாம் எபாக்சி பசையைக் குழைத்துத் தடவினோம். நடு அடியில் இரண்டு தகடும் சேரும் இடத்தில் மட்டும் சில ரிவெட்டுகள் அரித்துப்போயிருந்தன. அவற்றைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும், அதை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்றைக்குத்தான் சஜி வேடிக்கை பார்க்க வந்தான். படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். போகும்போது அவர் தோளில் கை போட்டு வாசல்வரை கூட்டிப்போனான். நான் அடுப்படி ஜன்னலில் நின்றிருந்தேன். அவன் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

"ஆ வள்ளத்தினு நல்லொரு பணி கொடுக்கணே, அண்ணா."

பாவம், பொறாமைப்படுவான் என்று நினைத்தோமே, நம் படகுக்கு நல்ல வேலையாகச் செய்து கொடுக்கச் சொல்லிவிட்டுப் போகிறானே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. அவன் கேட்காமலே பின்னால் ஓடிப்போய் முறுக்குப் பொட்டலம் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெயின்ட் நாற்றம் உனக்குத் தலைவலி கொண்டுவரும், நீ சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிவிட்டு வா என்று அவரே என்னை அனுப்பினார். இவ்வளவு கரிசனமா என்று நானும் பூரித்துப் போய்க் கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தால் பிரைமர் அடித்து, அதற்கு மேல் கரும்பச்சை பெயின்ட் அடித்து, படகு புதுப் பெண்ணாட்டம் கவிழ்ந்து கிடந்தது. காய்ந்ததும் கரையோரமாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பாயசம் கொடுத்தேன்.

நவராத்திரி முதல் நாள் விடிந்ததும் படகை இறக்கினேன். அவர் வேலைக்குப் போய்விட்டார். என் நாத்தனார் சுடலைமாடத்தி, அவருடைய ஒரே தங்கச்சி, எங்களோடுதான் இருக்கிறாள். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் வேலை. ஹோட்டலில் அன்றைக்கு கேஸ் தீர்ந்துவிட்டது, மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்று கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. மதினி, நானும் வாரேன், உங்க படகுல முத ஆளா நான்தான் ஏறுவேன் என்று குதித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. நான் இருக்கேன்ட்டி, ஏறு என்று நான்தான் கை கொடுத்து ஏற்றினேன்.

காயல் நடுவில் நல்ல பூ. பறித்துப் பறித்துப் போட்டோம். படகு பாதி நிறைந்திருக்கும், காலடியில் ஈரம் தட்டியது. பூவிலிருந்து வடிந்த தண்ணீர் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கணுக்கால் முங்கியது. அந்தத் தண்ணீரில் வெள்ளையாக நுரை மிதந்தது. காயலில் என்ன அழுக்கோ என்று நினைத்தேனே தவிர வேறெதுவும் புத்தியில் உறைக்கவில்லை. வாளியால் மொள்ள மொள்ள, ஏறுகிற தண்ணீர்தான் கூடிக்கொண்டே போனது. பூவையெல்லாம் அள்ளி வெளியே எறிந்தோம். மாமிக்கான பூ, எல்லாம் முழு மொட்டு.

தாமரைக் கொடிக்குள் விழுந்தால் நீச்சல் தெரிந்தவளுக்கும் பிழைப்பு இல்லை, தண்டு காலைச் சுற்றி இழுத்துவிடும். எனக்கு அது தெரியும். மாடத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மதினி விட்றாதீங்க, மதினி விட்றாதீங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். படகின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு இறங்கியபோது சஜியின் வள்ளம் வந்தது. கூப்பிடுகிற தூரத்திலேயே எங்கோ நின்றிருந்திருக்கிறான். எங்களை ஏற்றி, படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கரையில் விட்டான். அலுமினியம் வேண்டான்னு ஞான் அப்பழே பறஞ்ஞதல்லே சேச்சி என்று ஒரு உபதேசம் வேறு. அவன் வள்ளம் நிறையப் பூ இருந்தது. அது நேராக ஸ்ரீவராகத்துக்குப் போனது.

ஈரச் சேலையோடு நானும் மாடத்தியும் படகைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தோம். நடு அடியில், அவர் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்ற இடத்தில், பெயின்ட் தோலாக உரிந்து தொங்கியது. அதற்குக் கீழே ரிவெட் இல்லை. வெறும் துளைகள். ஒரு துளைக்குள் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலை விட்டு எடுத்தேன், வழவழவென்று வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தேன். நுரைத்தது. மோந்து பார்க்கவே வேண்டாம், எங்கள் வீட்டில் துணி துவைக்கிற பார் சோப்பு.

அப்போதும் என் புத்தி அவருக்காகத்தான் வாதாடியது. லாரி டேங்க் ஒழுகினால் இவர்கள் சோப்பைத்தான் திணிப்பார்கள். டீசலில் சோப்பு கரையாது, கல்லாட்டம் நிற்கும். அந்தப் பழக்கத்தில் வைத்துவிட்டார் போல என்றேன் மாடத்தியிடம். சஜிகூட நல்ல பணி கொடுக்கச் சொல்லிவிட்டுத்தானே போனான் என்றேன்.

மாடத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் நாள் முழுக்க மலையாளத்துப் பையன்களோடு வேலை பார்க்கிறவள்.

"மதினி, இவங்க பேச்சுல பணி கொடுக்கதுன்னா வேலை செஞ்சு கொடுக்கதில்ல. ஆப்பு வைக்கது."

சொல்லிவிட்டு, அண்ணன் அப்படியெல்லாம் செய்யாது மதினி என்று அவளே அழுதாள். தலைக்கு ஊற்றிக்கொள்ள உள்ளே போனாள். நான் போகவில்லை. படகுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சேலை உடம்பிலேயே பாதி காய்ந்தது.

அவர் மதியமே வந்துவிட்டார். சஜி போன் செய்திருப்பான். படகு முங்கிருச்சாமே பொன்னு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கவிழ்ந்து கிடந்த படகைப் பார்த்ததும் நின்றார். நான் சோப்பு விரலை நீட்டினேன். முதலில் நான் நினைத்ததையேதான் சொன்னார். டேங்குக்கு வைக்கிற பழக்கத்தில் வைத்துவிட்டேன், ஞாபகப் பிசகு என்றார். தினமும் சாயங்காலம் இதே சோப்பைத் தேய்த்துக் கை கழுவுகிற மனுஷன், அது தண்ணீரில் கரையும் என்பதை மறந்துவிட்டாராம். யார் காதில் பூ சுற்றுகிறார்?

"சஜி என்ன பணிங்க கொடுக்கச் சொன்னான்?" என்று கேட்டேன்.

தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. இந்த ஊரில் நமக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான், அவன் வாய்விட்டுக் கேட்டான், மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை என்றார். லேசாகத் தண்ணீர் ஏறும், நீ பயந்து விட்டுவிடுவாய், பழையபடி அவன் வள்ளத்திலேயே போவாய், யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் முடிந்துவிடும் என்று நினைத்தாராம். உனக்குத்தான் நீச்சல் தெரியுமே என்றார். தாமரைக் கொடியைப் பற்றி அவருக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எத்தனை தடவை ராத்திரி காலில் தண்டு கீறின காயத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டவர்.

என்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே வட்டம் போட்ட கைதான் அந்தத் துளையில் சோப்பையும் திணித்தது. கூடவே இருந்து குழி பறித்தவரை என்னவென்று திட்டுவது? ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் ஒன்றை எதிர்பார்த்தேன். ரொம்பப் பயந்துட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உடைந்து அழுதிருப்பேன். மன்னித்துக்கூட இருப்பேனோ என்னவோ.

அப்போதுதான் மாடத்தி ஈரத் தலையோடு வெளியே வந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். நீ ஏன் ஹோட்டலுக்குப் போகவில்லை என்று கேட்டார். நானும் மதினிகூடப் படகில்தான் இருந்தேன் என்றாள் அவள்.

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அடி எதுவும் பட்டதா, தண்ணீர் குடித்தாயா என்று தலையைத் தடவி, முகத்தைத் தடவி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"உனக்கு நீச்சலே தெரியாதேட்டி. நீ ஏறுவேன்னு தெரிஞ்சிருந்தா நான் இதைச் செஞ்சிருக்கவே மாட்டேனே."

மாடத்தி அவர் கையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத்தான் தான் என்ன சொன்னோம் என்பது தெரியவில்லை.

"நான் ஏறுவேன்னு தெரியும்லா?" என்று கேட்டேன்.

அவர் கண் மறுபடியும் மாடத்தியிடம்தான் போனது. கல்யாணமான நாளிலிருந்து அவரை நீங்க என்று தவிர நான் கூப்பிட்டதில்லை.

"போ. உன் கூட்டுக்காரன் வீட்டுக்கே போ" என்றேன்.

மாடத்தியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது அவள்தான். அவர் வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாடத்தி, மாடத்தி என்றுதான் கூப்பிட்டார்.