மூன்று ஸ்பூனும் ஒரு கிளி மூக்கும்

திங்கட்கிழமை என் மருமகள் துர்கா வேலைக்குத் திரும்புகிறாள். அதற்குள் பேத்தி அன்பரசி எங்கள் கையால் நாலு வாய் சாப்பிடப் பழகியாக வேண்டும். ஆறு மாதம் முடிந்து எட்டு நாள் ஆகிறது. கேழ்வரகுக் கூழ் வாய்க்குள் போனதைவிடச் சட்டையில் போனதுதான் அதிகம். ஸ்பூனைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

குற்றமெல்லாம் ஸ்பூன் மேல்தான் என்று வீட்டில் முடிவானது. அந்த எவர்சில்வர் ஸ்பூன் அவள் வாயைவிட அகலம்.

சம்பந்தியம்மா பானுமதி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வெள்ளி ஸ்பூனோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"வெள்ளியில சாப்ட்டா பொண்ணு மினுமினுன்னு வளருவா சம்பந்தி."

"மொதல்ல சாப்டட்டுங்க, அப்பறம் மினுக்கிக்கலாம்" என்றேன்.

வெள்ளி ஸ்பூனோ நல்ல குழி. அன்பரசியின் மேலுதடு அடிவரை எட்டவில்லை. கூழ் போன மாதிரியே திரும்பி வந்தது.

துர்கா ஆன்லைனில் தட்டையான, வளைகிற சிலிக்கான் ஸ்பூன் வாங்கினாள். கூடவே, தரையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கிண்ணம். குழந்தை தட்டிவிட முடியாதாம். உண்மைதான். எங்கள் டைல்ஸில் அது ஒட்டியது ஒட்டியதுதான். என் வீட்டுக்காரர் முட்டி போட்டு இழுத்தார்.

"என்னாங்க, கொளஞ்சியப்பர் கோயிலுக்கு எதுனா வேண்டுதலா?"

"சிரிக்காத. போயி தோசத்திருப்பிய எடுத்தா."

நான் மட்டும் சும்மா இருப்பேனா? பதினெட்டு வருஷமாகப் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் மூக்கும் எழுதுகிறவள். ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் உள்ளே, அடியில், பச்சைக் கிளி எழுதினேன். கூழ் தீர்ந்தால்தான் கிளி தெரியும். காய்ந்ததும் பெருமையாக நீட்டினேன். துர்கா நகத்தால் சுரண்டினாள்.

"அத்தை, கிளி மூக்கு என் நகத்துல இருக்குது."

வெட்கமாகப் போயிற்று. சூளையிலிருந்து வந்த பிறகு பொம்மைக்கு மேலே பூசுகிற பெயிண்ட் அது. ஷோகேஸுக்குச் சரி, சோற்றுக்கு ஆகாது.

"வேலைக்குப் புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு இதச் சொல்லித் தர்றதே நீங்கதானே?"

"கிளி நெனப்புல மறந்துட்டம்மா. விடேன்."

கிண்ணம் ஷோகேஸுக்கு என்று தீர்ப்பானது. ஆனாலும் மூக்கில்லாத கிளியை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரஷ்ஷில் சிவப்பைத் தொட்டேன். எதிரே துர்கா, மடியில் அன்பரசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சிலிக்கான் ஸ்பூனோடு கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மூக்கு எழுதும்போது எனக்குத் தானாக வாய் திறந்துகொள்ளும். "ஈ பூந்துடப் போவுதுக்கா" என்று கூட வேலை செய்கிற காசியம்மாள் தினமும் கேலி செய்வாள். அன்றும் திறந்துகொண்டது.

"அத்தை! வாய மூடாதீங்க!"

பார்த்தால், அன்பரசி என்னையே பார்த்தபடி ஆவென்று வாயைத் திறந்திருக்கிறாள். துர்கா ஸ்பூனை நுனிநாக்கில் வைத்தாள். மேலுதடு இறங்கி வந்து வழித்து எடுத்துக்கொண்டது. தட்டை ஸ்பூன், துளியும் மிச்சமில்லை. அப்படியே ஐந்து வாய்.

"பாத்தீங்களா, என் ஸ்பூனு ஜெயிச்சிடுச்சி!"

"ஒன் ஸ்பூனா? என் வாயி ஜெயிச்சிது!"

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நாளைக்கி நீங்க வரைஞ்சிக்கிட்டு இருந்தா யாரு அத்தை ஊட்டுவா?"

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு சும்மா வாயைத் திறந்து பார்த்தேன். பேத்தி என்னை மதிக்கவேயில்லை. இருவரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தோம்.

"நானா? எனக்குக் கை நடுங்குமே!" என்றார் அவர். அதுவரை நடுங்காத கை.

மறுநாள் நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். துர்கா மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினாள். பதினொரு மணிக்கெல்லாம் போன்.

"அத்தை, சாப்ட்டாளா?"

"ஏழு வாய்!"

"நெசமாவா? மாமாவா ஊட்டினாரு?"

"அவருதான். அவரும் ஆன்னுதான் ஊட்டினாரு. நாங்க மூணு பேரும் வாயத் தொறந்துக்கிட்டு ஒக்காந்திருந்தமா, பால்காரரு பாத்துட்டு, என்னா ஏதுன்னு பயந்துபூட்டாரு."

துர்கா சிரித்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"அப்பறம் துர்கா, சாயங்காலம் வரும்போது ஒரு வெள்ளக் கிண்ணம் வாங்கியா."

"எதுக்கு அத்தை?"

"ஏழு வாயிக்கும் மூக்கே எழுதினம்மா. கிளி கழுகாயிடுச்சி."