ஒரு சிவப்பு வில்லை குறைகிறது

கட்டிலில் சாய்ந்திருந்தவள் தன் பங்கிலிருந்த சிவப்பு வில்லையை மறுபடியும் சின்ன மகள் பக்கம் நகர்த்தினாள். அதற்கே மூச்சு வாங்கியது. அவன் அதை எடுத்து, பழையபடி மனைவியின் முன்னாலேயே வைத்தான்.

பனிப்பாலையில் மாட்டிக்கொண்ட நால்வர் கப்பல் வரும் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் விளையாட்டு. சிவப்பு வில்லைதான் நெருப்பு. சுற்றுக்கு ஒன்று எரிந்துபோகும். இல்லாதவருக்கு இருப்பவர் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் உறைந்துபோனாலும் நால்வருக்கும் தோல்வி. பெட்டி வாங்கிய நாளிலிருந்து இந்தக் குடும்பம் ஒரு தடவைகூடக் கரையைத் தொட்டதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா, யார் முகம் வாடினாலும் தன் வில்லையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பாதி வழியில் உறைந்து நிற்பாள். விதிமுறைத் தாளை மனப்பாடம் செய்து 'வக்கீல்' என்று பேரெடுத்த மூத்தவள் தலையில் அடித்துக்கொள்வாள். அம்மாவோ சிரித்துக்கொண்டே பொம்மைகளைப் பெட்டியில் அள்ளிப் போடுவாள்.

வயிற்று வலியையும் அவள் இப்படித்தான் கையாண்டாள். மூத்தவளின் பரீட்சை முடியட்டும், லிஃப்ட் கம்பெனியில் அவன் வேலை நிரந்தரமாகட்டும் என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது புற்று எங்கும் பரவியிருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு அவள்மேல் கோபம். சாகப்போகிறவள்மேல் கோபப்படுகிறோமே என்று தன்மேலும் கோபம்.

"எனக்கெதுக்குங்க?" என்றாள். "அவ கையில ஒண்ணுமே இல்ல பாருங்க."

"அவளுக்கு நான் தர்றேன். நீ ஒரு தடவையாவது உனக்குன்னு வச்சுக்கோ." வில்லையை இன்னும் அவள் பக்கம் தள்ளினான். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

வக்கீல் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அம்மாவின் போர்வை நுனியைச் சுருட்டினாள். அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"சரி. வச்சுக்கிட்டேன்."

கண்ணைச் சொருகுகிறது, எழுந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பலகையை அலுங்காமல் ஜன்னலோரம் நகர்த்தி வைத்தார்கள். வெயில் கட்டில் காலுக்கு இறங்கி வருவதற்குள் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் கைகளை நேராக்கும்போது, "கைக்குள்ள என்னமோ இருக்கு சார்," என்றாள். இருக்கட்டும் என்று மட்டும் அவன் சொன்னான்.

துக்கத்துக்கு வந்த யாரோ பலகையை மடித்துப் பெட்டியில் போட்டிருந்தார்கள். எல்லாரும் போனபின், வீடு வீடாகவே இல்லாமல் கிடந்த ஒரு பகலில், சின்னவள் அதை அலமாரியிலிருந்து இறக்கினாள். வக்கீல் வந்து வில்லைகளைப் பங்கு வைத்தாள். பழக்க தோஷத்தில் நான்கு பங்கு. நான்காவதில் ஒன்று குறைந்தது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள்.

"ஒண்ணு குறையுதுப்பா."

"அது அம்மாகிட்ட இருக்கு," என்றான்.

துழாவிய கை நின்றது. தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான்காவது பங்கை அவள் கலைக்கவில்லை. சின்னவள் பகடையை உருட்டினாள்.