தையல்காரி வீட்டுப் பெஞ்சு

பெரியவள் நீட்டிய சுவிசேஷத் துண்டுப்பிரதியை இஸ்திரிக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தத் தெருவில் அதுவே பெரிய காரியம். பிறகு அதை மேசைமேல் விரித்து, சூடேறிய பெட்டியை ஒரு தடவை அதன்மேல் வைத்து எடுத்தார். முகப்பில் வரைந்திருந்த திறந்த கதவும் வெளிச்சமும் பழுப்பேறிச் சுருண்டன.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சூடு பார்க்க உங்க பேப்பருக்கு ஈடு கிடையாது. அடுத்த வாரம் நாலஞ்சா சேர்த்தே கொடுத்துடுங்க."

பின்னால் நின்ற சின்னவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கால் மட்டும் வலித்தது.

சபை அவர்களை ஊழியத்துக்கு அனுப்பும்போதே விதிகளைச் சொல்லி அனுப்பியிருந்தது. இருவராகவே போக வேண்டும். ஒருத்தி பேசும்போது மற்றவள் ஓரடி பின்னால் நின்று, கண்ணை மூடாமல், மனசுக்குள் ஜெபிக்க வேண்டும். கூப்பிடாமல் உள்ளே நுழையக் கூடாது. உட்காரச் சொல்லாமல் உட்காரக் கூடாது. முதல் மூன்றும் பழகிவிட்டன. கடைசி விதிதான் முழங்காலைத் தின்றது. இந்த ஊரில் யாரும் அவர்களை உட்காரச் சொல்வதில்லை.

வெயிலுக்கும் மழைக்கும் பிரிக்கும் இரண்டு கறுப்புக் குடைகளால் தெரு அவர்களுக்குப் பேர் வைத்திருந்தது. சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"குடைக்காரிங்க வந்தாச்சு! எல்லாரும் செத்த மாதிரி படுத்துக்கங்கப்பா!"

நாற்காலியில் இருந்த ஆள் நுரை வழியும் முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டான். கடையே சிரித்தது.

அடுத்த வீட்டுப் பெரியவர் சங்கிலியை எடுக்காமலே கதவை ஒரு விரல் அளவு திறந்தார்.

"போன வாரம் என்ன சொன்னேன்?"

"வேண்டாம்னு சொன்னீங்க ஐயா."

"அதையே திரும்பச் சொல்ல என்னை எழுந்து வர வெச்சிட்டீங்களேம்மா!"

கதவு சாத்திக்கொண்டது. அடித்துத் துரத்தினால் அதிலாவது ஒரு பெருமை இருக்கும் என்று பெரியவள் நினைத்தாள். வந்த புதிதில் அப்படி நடக்கக்கூட ஆசைப்பட்டிருக்கிறாள். கல்லெறிவார்கள், தாங்கிக்கொள்வோம் என்று. இங்கே யாரும் அவளை எதிர்க்கவே இல்லை. ஈ ஓட்டுவதுபோல் ஓட்டினார்கள். ஈக்கு எங்கிருந்து வரும் வைராக்கியம்?

அன்று காலைதான் போதகர் போனில் பேசியிருந்தார். "ஞாயித்துக்கிழமை வர்றேன். சபையில சேர ஒரே ஒரு ஆத்மாவாவது இருந்தா இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம். இல்லேன்னா நீங்க தங்கியிருக்கிற அறையைப் பூட்டிட்டு என்கூடவே கிளம்பிடுங்க, சகோதரி." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவரும் களைத்துப்போயிருந்தார்.

"ஒருத்தங்க இருக்காங்க ஐயா" என்று அவள் சொல்லியிருந்தாள்.

இருந்தாள். மாடி வீட்டுத் தையல்காரி. வியாழக்கிழமை தவறாமல் கதவைத் திறப்பவள். "உட்காருங்க" என்று சொல்பவள். சுவரோரம் ஒரு மரப்பெஞ்சு. எதிரே தையல் மெஷின். பக்கத்தில் உள்ளறையின் கதவு. ஷிப்டு வேலைக்குப் போகும் கணவர் அங்கேதான் தூங்குவார். பெரியவள் வேதப் புத்தகத்தை வாசிக்க, அவள் பொத்தான் தைத்தபடி கேட்பாள். அதிகாரம் முடிந்து எழுந்தால், "இன்னொண்ணு வாசிங்களேன்" என்பாள். கண் ஈரமாக இருக்கும். மாதக்கணக்கில் இப்படி. "அவங்களுக்குள்ள ஏதோ நடக்குதுக்கா" என்று சின்னவள் படி இறங்கும்போதெல்லாம் கிசுகிசுப்பாள்.

இன்றும் கதவு திறந்தது. உட்கார்ந்ததும் பெரியவளின் முழங்கால் தானாகவே பெருமூச்சு விட்டது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க போதகர் வர்றாரும்மா. நீங்க வந்து, சபையில சேர எனக்குச் சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

தையல்காரியின் ஊசி பொத்தானின் துளையிலேயே நின்றது.

"நானா? நான் எதுக்குக்கா?"

"இத்தனை நாளா இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு ஆசையா கேட்டீங்களே."

உள்ளறையில் வாளி நகரும் சத்தம். தையல்காரி அந்தக் கதவைப் பார்த்தாள். எப்போதும் பார்ப்பதுதான். வசனத்தை யோசிக்கிறாள் என்று அவர்கள் எண்ணிக்கொண்ட அதே பார்வை.

"அவர் கிளம்புற வரைக்கும் நீங்க இருக்கணும்னு கேட்டேன்க்கா" என்றாள் தணிந்த குரலில். "வேலைக்குக் கிளம்புற நேரம்தான் எனக்குக் கண்டம். சட்டை சரியில்ல, தண்ணி சூடில்லன்னு ஆரம்பிப்பார், அப்புறம் கை நீளும். வெளி ஆள் இருந்தா மட்டும் மனுஷனா இருப்பார்." முழங்கைக்கு மேல் ஏறியிருந்த சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "மன்னிச்சுடுங்க. நீங்க வாசிச்சது ஒண்ணுமே காதுல ஏறலை. நல்லாத்தான் வாசிக்கறீங்க."

சின்னவள் ஜெபத்தை மறந்து வாயைத் திறந்தபடி இருந்தாள்.

பெரியவளுக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல. வெட்கமும் அல்ல. ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. பெட்டி கட்டுவது, சபையில் எல்லார் முன்னும் நிற்பது. எவ்வளவு சீக்கிரம் என் கணக்குக்குப் போய்விட்டேன் என்று தன்னையே அசதியோடு பார்த்தாள். அதற்கும் அடியில் இன்னொன்று தெரிந்தது. அவளும் இந்த வீட்டுக்கு ஆத்மாவைத் தேடி மட்டும் வந்ததில்லை. வாரம் முழுவதும் நின்ற கால், வியாழக்கிழமையை இந்தப் பெஞ்சுக்காகத்தான் எதிர்பார்த்திருந்தது. ஒருத்திக்குக் காவல், ஒருத்திக்கு ஆசனம். நடுவில் வேதம் சும்மா படுத்திருந்தது.

உள்ளே பீரோ கதவு பட்டென்று அடித்தது. தையல்காரியின் தோள் ஒடுங்கியது.

பெரியவள் புத்தகத்தைத் திறந்தாள். யாரும் வாசிக்க விரும்பாத ஓர் அதிகாரம் அதில் உண்டு. பேர்கள் மட்டும், தகப்பன் பேர், மகன் பேர், மகனுக்கு மகன் பேர். பிரசங்கத்துக்கு உதவாது. ஆனால் நீளம். உள்ளறைவரை கேட்கும்படி, ஒவ்வொரு பேரையும் முழுசாக உச்சரித்து வாசித்தாள். தொண்டை வறண்டது. நிறுத்தவில்லை.

அவர் வெளியே வந்தார். தலை வாரி, சட்டை மடிப்பு கலையாமல். "அடடே, எழுந்திருக்காதீங்கம்மா, நீங்க வாசிங்க" என்றார் மரியாதையாக. மனைவியிடம், "வரட்டுமா?" என்றார். அவ்வளவு மிருதுவான குரல். செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தேய்ந்தது. தையல்காரி மூச்சு விடுவது கேட்டது.

"உங்க பக்கத்து மனுஷங்க யாராவது?" என்று கேட்டாள் பெரியவள்.

"தம்பி இருக்கான். சொல்லலை."

"சொல்லணும்மா."

"ம்."

அந்த 'ம்'மில் சம்மதம் இல்லை என்பது பெரியவளுக்குத் தெரிந்தது. அவள் வாரம் முழுவதும் கேட்கிற 'ம்'தான்.

"எந்தக் கிழமை ரொம்ப மோசம்?"

தையல்காரி புரியாமல் பார்த்தாள். பிறகு, "திங்கள். லீவு முடிஞ்சு போற நாள்" என்றாள்.

படியில் இறங்கும்போது சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுவாக்கா ஊழியம்? சபை இதுக்கா நம்மளை அனுப்புச்சு?"

"தெரியலை."

"ஐயா பூட்டிடச் சொல்வாரே."

"சொல்லட்டும். நான் இருந்துக்கறேன். நீ போகணும்னா போ."

"நல்லா இருக்கே! ரெண்டு பேரா போகணும்னு விதி. பேர் பேரா நீங்க வாசிச்சா, பின்னால நின்னு தூங்கி வழிய ஒரு ஆள் வேண்டாமா?"

பெரியவள் தெருமுனையில் நின்று போதகருக்குப் போன் செய்தாள்.

"அந்தச் சகோதரி ஞாயித்துக்கிழமை வர்றாங்களா?"

"வரலை ஐயா. அவங்களுக்கு விசுவாசம் இல்லை."

"அப்போ கிளம்பிடலாம் இல்லையா?"

"இல்லை ஐயா. திங்கக்கிழமையும் அங்க போகணும்."

"விசுவாசம் இல்லாத வீட்டுக்கு எதுக்கு?"

"உட்காரணும் ஐயா."

அவர் பெருமூச்சு விட்டது காதில் சூடாகப் பட்டதுபோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். அன்று என்ன சொல்வார் என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. சந்தோஷம் என்று எதுவும் உள்ளே பொங்கவில்லை. கால் அதே இடத்தில் வலித்தது.

குடையைப் பிரித்தாள். எதிர்ச்சாரியில் இன்னும் தட்டாத கதவுகள் இருந்தன. சலூன்காரர் மறுபடி குரல் கொடுப்பது கேட்டது.